ஒரு குப்பிக்கு ஓர் அடி

"அத் தெக உஸ்ஸபங்!"

இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, சென்றியில், வீதிச் சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் கத்தினான். நான் தூக்கினேன். எனக்கு முன்னால் நின்ற செருப்புக்கடைக்காரர் தூக்கினார். என் பக்கத்தில் நின்ற மாமா மட்டும் தூக்கவில்லை.

சிப்பாய் சின்னப் பையன், என்னைவிட இளையவன். மாமாவின் தோள் அகலத்தைப் பார்த்தே பயந்திருப்பான். இரண்டாம் தரம் கத்தும்போது அவன் குரல் உடைந்தது. மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கு அப்போதே நாக்குத் தடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் சிங்களத்தில் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே விளங்கவில்லை. துவக்கின் பின்கட்டை அவருடைய காறையெலும்பில் இறங்கியது. பச்சைத் தென்னமட்டையை முறித்தது போல ஒரு சத்தம். மாமா விழுந்தார். எவனும் விழும்போது கையை ஊன்றுவான். அவர் ஊன்றவில்லை. முகம் நேரே தார்வீதியில் போய் மோதியது. அதற்குப் பிறகும் அவன் உதைத்தான். வயிற்றில், தொடையில், கண்ட இடத்தில்.

"லெடெக் மாத்தயா! லெடெக்!" நோயாளி, நோயாளி என்று நான் தூக்கிய கையோடு நின்று அலறினேன்.

அக்கா, நீங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன் எடுத்து "மாமாவுக்கு எப்படிடா?" என்று கேட்டபோதெல்லாம் "பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் அதற்கு மேல் சொல்ல முடியாது. யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? 2007இல் கொழும்பில் தமிழன் போனில் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் கதைப்பான். இப்போது முழுவதையும் சொல்கிறேன்.

மாமா சிறிலை நீங்கள் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறீர்கள். துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் விஞ்ச் இயக்கியவர். கொட்டாஞ்சேனையில் அவரை அதற்காக யாருக்கும் தெரியாது. பாரம் தூக்குகிறவர் என்றால்தான் தெரியும். அவர் தூக்கிய இரும்பை இரண்டு பேர் சேர்ந்து உருட்டிக்கொண்டு போவார்களாம். தூக்குவது மட்டுமில்லை, அடிப்பதும் அந்தக் கைதான். தெருவில் தகராறு என்றால் பொலிஸுக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நானும் அவரிடம் வாங்கியிருக்கிறேன். அவர் மகள் பிறிஜெற்றும் நானும் பதிவுத் திருமணம் செய்துவிட்டு வந்து நின்ற அன்று என்னைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனார். "தோட்டத்துல கொழுந்து நிறுக்கிறவன்ட மகனுக்கு என்ட பிள்ளையா?" என்று ஒரே அடி. இரண்டு பல் போனது. நான் இரத்தம் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, என்னை ஓட்டோவில் ஏற்றிப் பல் டொக்டரிடம் கொண்டுபோனதும் அவரேதான். "இவன் என்ட மருமகன். வடிவாப் பாருங்க" என்றார் அவரிடம். அன்றிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறேன். வெள்ளவத்தையில் புடவைக்கடை வேலை. பிறிஜெற்றின் அம்மாவை "அத்தை" என்று கூப்பிட்டால் அவள் சிரிப்பாள். அங்கே "மாமி" என்றுதான் சொல்ல வேண்டும்.

நோய் மாமாவின் வலது கைப் பெருவிரலில் தொடங்கியது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த சதை கரைந்து குழி விழுந்தது. தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் மண்புழு நெளிவது போல எந்நேரமும் ஏதோ துடித்தது. அந்த வருட அந்தோனியார் கோயில் திருநாள் வருவதற்குள் இரண்டு கையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போல ஆகிவிட்டன. கால்கள் மட்டும் அப்படியே இருந்தன. நடை அதே சண்டியன் நடை.

சென்றியில் முறிந்த காறையெலும்பு பொருந்தியதும் வெள்ளவத்தையில் டொக்டர் சரோஜினிதேவியிடம் கூட்டிப்போனோம். நரம்பு வைத்தியர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத அம்மா.

"மோட்டர் நியூரோன் நோய்," என்றார். "மூளை சொல்லுறதைத் தசைக்குக் கொண்டுபோற நரம்புக்கலங்கள் ஒவ்வொண்டாச் சாகுது. தசை வேலையில்லாமச் சுருங்குது."

"அப்ப தசையப் பெருப்பிச்சா?" மாமா கேட்டார்.

"சிறில், கரண்ட் வராத வீட்டில பல்பை மாத்தி என்ன பிரயோசனம்?"

மாமா விடவில்லை. "எனக்கு ஓடத் தேவையில்ல. பாரம் தூக்கத் தேவையில்ல. கைய இஞ்ச மட்டும் கொண்டு வந்தாப் போதும்." அவர் தலையை அசைத்துத் தன் உச்சியைக் காட்டினார். "அவன் தூக்கு எண்டா நான் தூக்கோணும். அதுக்கு ஒரு மருந்து சொல்லுங்க."

பிறிஜெற் இன்ரநெற் கடையில் படித்துவிட்டு வந்திருந்தாள். "டொக்டர், ஏதோ ஹோர்மோன் போட்டுப் பாக்கிறாங்களாமே?"

"ஓம். இன்சுலின் மாதிரி ஒரு ஹோர்மோன். நரம்பைச் சாகாமக் காப்பாத்துமோ எண்டு அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் ஆக்களுக்கு ஊசியாப் போட்டுப் பாத்தவை. ஒரு ஆராய்ச்சி, நோய் கொஞ்சம் மெதுவாகுது எண்டுது. மற்றது, ஒரு வித்தியாசமும் இல்லை எண்டுது. திரும்பவும் பாத்துக்கொண்டிருக்கினம், முடிவு வரேல்ல. இங்க அதை வாங்கவும் ஏலாது."

"வாங்க ஏலாட்டி, உடம்பு தானாச் செய்யாதா அத?" மாமா கேட்டார்.

"செய்யும். ஈரல் செய்யும். வளர்ச்சி ஹோர்மோன் ஈரலுக்குச் சொன்னால் அது செய்யும்." சொல்லிவிட்டு டொக்டர் கையை உயர்த்தினார். "பொறுங்கோ. அந்த வளர்ச்சி ஹோர்மோனையும் குடுத்துப் பாத்தாச்சு. பலன் இல்லை. கேட்டுதா? பலன் இல்லை."

மாமாவுக்குக் கேட்கவில்லை. 'ஈரல் செய்யும்' என்ற இடத்திலேயே அவர் நின்றுவிட்டார். பாரம் தூக்குகிறவர்களுக்கு அந்த ஊசியைத் தெரியும். சதை ஏற அதைப் போடுகிறவர்கள் கொட்டாஞ்சேனையிலேயே இருந்தார்கள். பஸ்ஸில் வரும்போது அவர் என் காதருகே சொன்னார்:

"ஒஸ்வால்டிட்ட இருக்கு."

ஒஸ்வால்ட் மாமாவிடம் பாரம் தூக்கப் பழகியவன். ஒரு போட்டியில் மாமாவை எல்லோர் முன்னாலும் "கிழட்டு மாடு" என்று சொன்னானாம். மாமா மேடையிலேயே அவன் தாடையைப் பெயர்த்துவிட்டார். கம்பி போட்டுக் கட்டி, குழாயால் கஞ்சி குடித்துக் கிடந்தான். இப்போது அவனுக்கென்று ஒரு ஜிம் இருந்தது. கப்பல்காரர்கள் கொண்டு வந்து கொடுக்கும் ஊசிகளும் இருந்தன.

"வேண்டாம் மாமா. அவன் உங்களை என்ன செய்வானோ தெரியாது."

"என்ன செய்வான்? சென்றியில சாகிறத விடவா?"

டொக்டர் சிங்களத்தில் ஒரு கடிதம் தந்திருந்தார், இன்ன நோய், கை தூக்க முடியாது என்று. அது மாமாவின் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் அதை எடுக்கப் பைக்குள் யாராவது கையை விட வேண்டும். சென்றியில் பைக்குள் கை போனால் என்ன நடக்கும் என்று கொழும்பில் குழந்தைக்கும் தெரியும். அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடலாம் என்று மாமி சொன்னா. "நான் என்ன நாயா, கழுத்தில கட்டித் தொங்கவிட?" என்று மாமா சோற்றுத் தட்டைக் காலால் எத்தினார். சுவரெல்லாம் பருப்பு.

ஜிம் ஒரு கராஜுக்கு மேலே இருந்தது. ஏறும்போதே வியர்வையும் துருவும் மணத்தன. சுவரில் அந்தோனியார் படம், அதற்குப் பக்கத்தில் எண்ணெய் பூசிய வெள்ளைக்கார உடம்புகள். ஒஸ்வால்ட் கழுத்தே இல்லாமல் பெருத்திருந்தான். எங்களைக் கண்டதும் ரேடியோவை நிறுத்தினான்.

"அட, மாஸ்டர்! வாங்க வாங்க. கை குடுங்க பாப்பம்."

மாமாவால் கை கொடுக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தான். அங்கே பாரம் தூக்கிப் பழகிக்கொண்டிருந்த பெடியன்கள் சிரித்தார்கள்.

"வளர்ச்சி ஊசி வேணும்," என்றார் மாமா. நாக்கு இழுத்து இழுத்துத்தான் வந்தது.

"என்ன? விளங்கேல்ல. டேய், மாஸ்டர் தண்ணி அடிச்சிட்டா வந்திருக்கிறார்?"

"மாமாவுக்குச் சுகமில்லைங்க," என்றேன். "அந்த ஊசி வேணும்னு சொல்றாரு."

"நீ ஆரு? ஓ, தேயிலை மருமகனா?" அவன் என்னைப் பார்க்கவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் வந்து தன் தாடையைத் தடவினான். "மாஸ்டர், இந்தப் பக்கத்தால நான் இன்னும் இறைச்சி சாப்பிடுறேல்ல. தெரியுமா? நத்தார்ப் பண்டிகைக்கு மனுசி பொரிச்ச கோழி வைக்கிறா. நான் சூப்பிப்போட்டு வைக்கிறன், குழந்தை மாதிரி."

"என்ன வேணும், சொல்லு."

"சல்லி வேணாம்." ஒஸ்வால்ட் மூலையில் இருந்த சின்னக் குளிர்பெட்டியைத் திறந்து, மாமாவின் முகத்துக்கு நேரே ஒரு குப்பியைக் காட்டினான். விரல் நுனி அளவு கண்ணாடி, உள்ளே வெள்ளைத் தூள். அக்கா, குப்பி என்ற சொல்லையே அப்போது நாங்கள் தெருவில் சொல்ல மாட்டோம், அது இயக்கக்காரர் கழுத்தில் கட்டும் சயனைட் குப்பியாகக் காதில் விழுந்துவிடும் என்று பயம். ஒஸ்வால்ட் பயப்படாமல் சொன்னான். "ஒரு குப்பிக்கு ஒரு அடி. நீங்க நிக்கோணும், நான் அடிப்பன். உங்களுக்கு எத்தினை வேணுமோ, அத்தினை."

பெடியன்கள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

"மாமா, வாங்க போயிருவோம்," என்று சட்டையைப் பிடித்தேன்.

"பின்னால நில்லு," என்றார் மாமா. "கக்கத்தில பிடி. விழுந்தா மண்டை உடையும். விழாமப் பிடி."

பிடித்தேன். வேறு என்ன செய்ய? அவர் நாக்கு இழுத்தாலும் கட்டளை கட்டளைதான்.

முதல் அடி வயிற்றில். மாமாவின் உடம்புக்குள் போன அடி என் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. நான் ஒரு எட்டுப் பின்னால் போனேன். அவர் மூச்சு விட்ட சத்தம் டயரில் காற்று போவது போல இருந்தது. ஒஸ்வால்ட் குப்பியைப் பெஞ்சில் வைத்தான். அடுத்தது விலாவில். இன்னொரு குப்பி. மறுபடி அதே விலாவில். உள்ளே ஏதோ நெறிந்ததை நான் என் மணிக்கட்டில் உணர்ந்தேன். மாமா கத்தவில்லை. மூக்கிலிருந்து சளி வடிந்தது, துடைக்கக் கை இல்லை.

"இன்னொண்டு," என்றார்.

ஒஸ்வால்ட் அடித்தான். "இன்னொண்டு." அடித்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது. நாங்கள் வந்தபோது இருந்த சிரிப்பு அவன் முகத்தில் இல்லை. அடிக்கிறவன் எதிர்பார்ப்பது கெஞ்சலை. மாமா கெஞ்சவில்லை, ஓடர் போட்டுக்கொண்டிருந்தார், கடையில் நின்று சாமான் கேட்பது போல.

"போதும் மாஸ்டர்."

"பெட்டியில இன்னும் கிடக்கு."

"போதும் எண்டன். செத்துப் போவீங்க."

"தாடையில அடிக்கத்தானே ஆசைப்பட்ட நீ? இன்னும் அடிக்கேல்லயே. ஏன், பயமா? அப்பவும் நீ பொம்பிளைதான்..." மாமா சொல்லி முடிக்கவில்லை. ஒஸ்வால்ட் அடித்தான். மாமாவின் தலை பின்னால் வந்து என் மூக்கில் மோதியது. இரண்டு பேரும் இரும்புத் தட்டுகளின் மேல் விழுந்தோம். அவர் நாக்கைக் கடித்திருந்தார். வாய் நிறைய இரத்தம். அந்த நோயில் விழுங்குவதும் கஷ்டம். இரத்தம் தொண்டைக்குள் போய்ப் புரையேறி, நீலம் பாரித்துத் துடித்தார். நான் அவரைக் குப்புறப் புரட்டி முதுகில் குத்தினேன். என் இரத்தமும் அவர் சட்டையில் சொட்டியது.

ஒஸ்வால்ட் குளிர்பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் ஐஸ் பைக்குள் அள்ளிப்போட்டு என் மேல் எறிந்தான். "கொண்டு போ! இந்தப் பைத்தியக்காரனைக் கொண்டு போடா இஞ்சயிருந்து!" அவன் அழுதுகொண்டிருந்தான். கோபத்திலா என்னத்திலா, எனக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் மாமி மாக்ரெட் நின்றா. "என்ன இது? எங்க விழுந்தீங்க?"

"அந்தோனியார் கோயில் படியில," என்றார் மாமா.

"அந்தோனியார் என்ன, சுத்தியலால அடிச்சவரா?"

மாமி என் கையிலிருந்த ஐஸ் பையைப் பிரித்துப் பார்த்தா. பிறிஜெற் நடந்ததைச் சொல்லச் சொல்லி என்னை உலுக்கினாள். சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டே மாமாவின் முகத்தைக் கழுவினா. கழுவி முடிந்ததும் அதே ஈரக் கையால் அவர் கன்னத்தில் ஒன்று விட்டா. "இது நான் சும்மா தாறது. இதுக்குக் குப்பி வேணாம்."

ஆனாலும் ஊசி போட்டது மாமிதான். தன் தாய்க்கு இன்சுலின் போட்டுப் பழகிய கை. தினமும் தூளைக் கரைத்து, ஊசியில் இழுத்து, சிலுவை போட்டுக்கொண்டு, மாமாவின் தொப்பைச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஏற்றுவா. ஏற்றும்போது ஜெபமும் திட்டும் கலந்து வரும். "இயேசுவே, இந்த மாட்டுக்குப் புத்தி குடும்." குப்பிகள் குளிர்பெட்டியில் மீனுக்கு மேல் தட்டில் இருந்தன.

மாமா பருத்தார். முகம் உருண்டது. திருமண மோதிரம் விரலுக்குள் புதைந்து, சவர்க்காரம் போட்டும் வரவில்லை, கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம். "பாத்தியா? ஊறுது!" என்று மாமா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். பிறிஜெற் டொக்டருக்குப் போன் எடுத்தாள். "அது தண்ணி. சதை இல்லை. சீனியும் ஏறும். உடனே நிப்பாட்டுங்கோ" என்று டொக்டர் கத்தியது எனக்கே கேட்டது. மாமாவிடம் சொன்னோம்.

"அந்த மனுசி ஒரு நாளாவது வெயிற் தூக்கியிருக்கிறாவா?"

காலையில் நான் வேலைக்குப் போகுமுன் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொல்வார். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தூக்கப் பார்ப்பார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தோள் மட்டும் காதுக்கு ஏறும், கை கீழேயே தொங்கும். ஒரு நாள் முழங்காலைக் கொஞ்சம் மடித்தார். இடுப்பை வெட்டி மேலே எற்றினார். இரண்டு கையும் ஊஞ்சல் மாதிரி வீசி, நெஞ்சுக்கு மேலே வந்து, பொத்தென்று விழுந்தன.

"கண்டியா! கண்டியாடா!"

பாரம் தூக்குகிறவர்களின் வெட்டு அது. இரும்பை நெஞ்சிலிருந்து தலைக்கு மேலே அனுப்ப இடுப்பால் போடும் ஒரு வெட்டு. இரும்புக்குப் பதிலாகத் தன் கைகளையே எறிந்தார்.

"மாமா, கோவிக்காதீங்க. இது கை தூக்கலீங்க. இடுப்புதான் தூக்குது."

என் முழங்காலுக்குக் கீழே ஒரு உதை விழுந்தது. "இடுப்பு ஆரிட? உங்கப்பன்டயா?"

நொண்டிக்கொண்டுதான் அன்று கடைக்குப் போனேன். நாளுக்கு நாள் கை உயரே வந்தது. நெஞ்சு, தாடை, பிறகு நெற்றி. நிற்கவே இல்லை. போய்ப் போய் விழுந்தது. சென்றியில் கையைத் தூக்கினால் போதாது, இறக்கு என்று சொல்லும்வரை வைத்திருக்க வேண்டும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன? "கை மேல நிக்கிறது அடுத்த பெட்டி ஊசியோட வரும்," என்று அவரே ஒரு நாள் சொன்னார். அடுத்த பெட்டிக்கு என்ன விலை என்று எனக்கும் தெரியும்.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. மறுநாள் விடிந்ததும் எங்கள் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். எல்லா ஆண்களும் வெளியே வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கதவுகளை உதைத்தார்கள். எதிர்வீட்டு லொறி டிரைவரைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் சாரம் அவிழ்ந்து வாசலிலேயே கிடந்தது. அவர் கெஞ்சக் கெஞ்ச ஒருவன் பெல்ட்டால் அடித்தான்.

"நான் முதல்ல போய் அவங்களிட்டச் சொல்றன்," என்று மாமி கதவுக்கு ஓடினா. "நோயாளி எண்டு சொன்னா விடுவாங்க."

"நில்லடி!" மாமா கத்தினார். "பொம்பிளைக்குப் பின்னால ஒளிஞ்சு நான் வெளியில போறேல்ல. நான் தூக்குவன்."

எங்களை மதிலோரம் வரிசையாக நிறுத்தினார்கள். மாமாவுக்கு இடது பக்கம் நான். நேரே எதிரில் ஒரு சிப்பாய், கண் சிவந்து, நித்திரை இல்லாதவன். துவக்கு நுனி எங்கள் நெஞ்சுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"அத் தெக உஸ்ஸபல்லா!"

வரிசை முழுவதும் கைகள் எழுந்தன. மாமா என்னைப் பார்த்தார். கண்ணடித்தார், அக்கா. அந்த இடத்தில் கண்ணடித்தார்! முழங்காலை மடித்து, இடுப்பை வெட்டி எறிந்தார். இரண்டு கையும் பறந்து தலைக்கு மேலே போயின. ஒரு கணம் அங்கேயே நின்றன. நான் சத்தியமாகப் பார்த்தேன், நின்றன. அவர் முகம் மேடையில் நிற்பவனுடைய முகம்.

சிப்பாய் துள்ளிப் பின்வாங்கினான். அவ்வளவு பெரிய மனிதன் திடீரென்று பாய்ந்தால் யார்தான் பயப்பட மாட்டான்? துவக்கை முன்னால் குத்தினான். அதே நேரம் மாமாவின் கைகள் போன வேகத்திலேயே கீழே வந்தன. வலது கை துவக்குக் குழலில் அடித்தது. வெடித்தது. மதில் சுண்ணாம்பு என் முகத்தில் தெறித்தது. பெண்களின் அலறலுக்கு நடுவில் ஒருவன் கத்தினான், துவக்கைப் பறிக்கிறான் என்று. மூன்று துவக்குகள் மாமா பக்கம் திரும்பின.

நான் எப்போது கையை இறக்கினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மாமாவுக்குப் பின்னால் போய், இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, எட்டினமட்டும் மேலே தூக்கினேன். "தூக்கியாச்சு! தூக்கியாச்சு!" என்று தமிழிலேயே கத்தினேன். சிங்களம் ஒரு சொல்கூட வரவில்லை. ஊறிப் பருத்த கைகள், அரிசி மூட்டை போலக் கனத்தன.

துவக்கின் பின்கட்டை என் வலது காதில் விழுந்தது. உலகம் ஒரு பக்கம் அணைந்தது. அடுத்தது முதுகில். அடுத்தது அதே காதில். சூடாகக் கழுத்தில் வடிந்தது. விடு, விடு என்று அவன் சிங்களத்தில் கத்துவது மற்றக் காதில் கேட்டது. விட்டால் கை கீழே வரும். கை கீழே வந்தால் சுடுவார்கள். எனக்கு வேறு ஒரு நினைவும் இல்லை.

"விடடா," என்றார் மாமா. "உன்னக் கொல்லப் போறாங்க. விடு, நான் தூக்குறன்."

"உங்களால முடியாது மாமா."

அவர் முதுகு என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. அது குலுங்கத் தொடங்கியதை உணர்ந்தேன். யாரோ என் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தார்கள். நான் மடிந்தேன், மாமாவும் என்னோடு மடிந்து முழந்தாளில் விழுந்தார். கைகளை விடவில்லை. முழந்தாளில் நின்றபடி தூக்கிப் பிடித்திருந்தேன்.

மாமி எப்படியோ வரிசையைக் கிழித்துக்கொண்டு வந்து, அதிகாரியின் முன்னால் மண்ணில் விழுந்து சிங்களத்தில் கதறினா. அதிகாரி பிரம்பு நுனியால் மாமாவின் சட்டைப்பையைத் தள்ளித் திறந்து கடிதத்தை எடுத்தான். வாசித்தான். என்னிடம் ஒரு கையை மட்டும் விடச் சொன்னான். விட்டேன். மாமாவின் வலது கை விழுந்து, ரோட்டில் அடிபட்டு, அடிபட்ட விதத்திலேயே கிடந்தது. அதிகாரி பூட்ஸ் நுனியால் அதைப் புரட்டினான். அது புரண்டது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்னுடையது இல்லாத ஒன்றைப் பார்ப்பது போல.

"ஹரி. பலயங்," என்றான் அதிகாரி. சரி, போ. லொறி டிரைவரையும் இன்னும் சில பேரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்றுவரை வரவில்லை.

வீட்டுக்குள் மாமாவைக் கதிரையில் இருத்தினோம். நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். பிறிஜெற் துணியைத் தேடி ஓடினாள். மாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதறினால் மனிதர்கள் வழக்கமானதைச் செய்வார்கள் போலும். குளிர்பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துக் கரைத்தா, ஊசியில் இழுத்தா, சிலுவை போட்டா. மாமாவின் சட்டையைத் தூக்கித் தொப்பையைக் கிள்ளினா.

"வேணாம்," என்றார் மாமா.

"என்ன வேணாம்? இவ்வளவு பட்டு வாங்கினது. நேரம் போகுது."

"இவன்ட காதைப் பார்."

"பிறிஜெற் பாப்பாள். பேசாம இருங்க, ஊசி..."

"மாக்ரெட்." நாக்கு இழுத்தது. நிறுத்தி, எச்சிலை விழுங்கி, திரும்பவும் சொன்னார். இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. "காதைப் பார் எண்டன்."

மாமி ஊசியை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினா. ஊசி மாலைவரை அங்கேயே வெயிலில் கிடந்தது. யாரும் எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைக்கவில்லை.